இடைவேளைக்கு முன்னால் சாகிறவர்

உலகம் தோன்றிய நாளிலிருந்து இன்றுவரை அதிக தடவை செத்த மனிதர் யார் என்று கேட்டால் தயங்காமல் சொல்லிவிடலாம்: வாலுவின் பெரியப்பா. இந்த விஷயத்தில் அவரோடு போட்டி போட இதுவரை ஆள் பிறக்கவில்லை. இனிமேல் பிறந்தாலும் பாதியில் களைத்து உட்கார்ந்துவிடுவான். பெரிய பெரிய ராஜாக்கள், தளபதிகள் எல்லாம் ஆளுக்கு ஒரே ஒரு தடவை செத்ததற்கே நடுத்தெருவில் சிலையாக நின்றுகொண்டிருக்கிறார்கள். பெரியப்பா ஆவி புகுந்த லிப்டில் செத்திருக்கிறார். வேற்றுக்கிரகத்து நீலக் கதிர் பட்டு ஒரு பிடி சாம்பலாகியிருக்கிறார். பிரேக் அறுந்த காரோடு பள்ளத்தில் உருண்டிருக்கிறார். ஆராய்ச்சிக்கூடத்துக் குளிர் அறையில் விறைத்திருக்கிறார். நிலாவில் மட்டும் இரண்டு தடவை. எமனுக்கே அவர் முகம் பழகிப்போய், "வாங்க சார், அதே நாற்காலிதானே?" என்று கேட்டிருப்பான்.

இவ்வளவு செத்த பிறகும் மத்தியானம் வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, "சாப்பாடு ஆறிடுச்சா?" என்று கேட்பார். அதுதான் பெரியப்பா.

அவருடைய தொழில் டப்பிங். வெளிநாட்டிலிருந்து வரும் படங்களுக்குத் தமிழில் குரல் கொடுப்பது. அதிலும் அவருக்கு வருவது ஒரே ரகம், சதிப் படங்கள். மேலிடத்தில் இருப்பவர்கள் ஊர் மக்களிடமிருந்து எதையோ மறைப்பார்கள். விண்கல்லில் வந்த புழுவாக இருக்கலாம், சுவருக்குள் குடியிருக்கும் ஆவியாக இருக்கலாம். அதை மோப்பம் பிடிக்கிற அப்பாவி விஞ்ஞானி ஒருவன் எல்லாப் படத்திலும் உண்டு. அவன் நடுங்கிக்கொண்டே கதாநாயகிக்கு போன் செய்வான். "இதை போன்ல சொல்ல முடியாது, நேர்ல வாங்க. யாரையும் நம்பாதீங்க. அவங்க எல்லா இடத்துலயும் இருக்காங்க." கதாநாயகி அடித்துப் பிடித்துப் போய்ச் சேரும்போது அவன் தரையில் கிடப்பான். கையை நீட்டி, "அவங்க... அவங்க..." என்பான். தலை சாயும். விளக்கு எரியும். இடைவேளை.

அந்த அப்பாவியின் குரல் பெரியப்பாவுடையது. அதனால் ஸ்டூடியோவில் அவருக்குப் பெயர் இன்டர்வெல். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பதில்லை.

ஸ்டூடியோ என்றதும் பெரிய வாசலும் காவல்காரரும் மனதில் வந்தால் அழித்துவிடலாம். கீழே ஒரு பல் ஆஸ்பத்திரி, அதற்கு மேல் மாடியில் இரண்டு அறை. ஓர் அறையில் சுவரெல்லாம் பஞ்சு மெத்தை, நடுவில் ஒரு மைக், எதிரே ஒரு திரை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்னோர் அறை. அங்கே ஒலிப்பதிவு இன்ஜினியரும், டப்பிங்கை நடத்துகிற அம்மாளும் உட்கார்ந்திருப்பார்கள். அந்த அம்மாளை எல்லோரும் மேடம் என்பார்கள். சுவரில் மெத்தை வந்ததற்கே பெரியப்பாதான் காரணம். ஒருநாள் அவர் மேலே குரல்வளை நெரிபட்டுச் செத்துக்கொண்டிருந்தபோது, கீழே பல் பிடுங்க வாயைத் திறந்திருந்த ஒருவர் அப்படியே எழுந்து, கழுத்தில் கட்டிய துணியோடு தெருவில் இறங்கி ஓடிவிட்டாராம். பல் டாக்டர் மாடியேறி வந்து கையெடுத்துக் கும்பிட்டாராம்.

இந்தத் தொழிலில் ஒரு வினோதம் உண்டு. குரல் கொடுப்பவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசுவதில்லை. ஒவ்வொருவராகத் தனித்தனியாக வந்து, தன் பக்கங்களை மட்டும் வாங்கி, தன் வசனத்தை மட்டும் பேசிவிட்டுப் போக வேண்டும். படம் திருட்டுப் போய்விடும் என்ற பயத்தில் திரையில் முழுப் படத்தையும் காட்டுவதில்லை. எல்லாம் கறுப்பாக இருக்கும். பேசுகிறவரின் வாய் இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு வட்ட ஓட்டை. ஆக, பெரியப்பாவுக்கு சினிமா என்றால் இருட்டில் ஆடும் ஒரு வாய். அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் யார் பேசினாலும் கண்ணைப் பார்க்க மாட்டார், வாயைத்தான் பார்ப்பார். வாலுவின் அம்மா அவர் எதிரில் வாய் திறப்பதற்கு முன் ஒரு தடவை வாயைத் துடைத்துக்கொள்வாள்.

இதனால் பெரியப்பாவுக்கு ஒரு குறை. இத்தனை வருஷத்தில் "அவங்க" யார் என்று அவருக்குத் தெரிந்ததே இல்லை. அவருடைய பக்கங்கள் அதற்கு முன்னாலேயே முடிந்துவிடும். ரகசியம் எல்லாம் கடைசி ரீலில், வில்லன் வாயால் வரும். கதாநாயகியைக் கட்டிப்போட்டுவிட்டு, அவன் சாவகாசமாக ஒரு பேச்சுப் பேசுவான் பாருங்கள், அதில். அந்தப் பேச்சு எப்போதும் சிங்கத்துக்குத்தான் போகும். சிங்கம் என்பது ஸ்டூடியோவில் வில்லன்களுக்குக் குரல் கொடுக்கிறவர். அவர் தும்மினால் கண்ணாடி அதிரும்.

"ஏம்பா சிங்கம், இந்தப் படத்துல அவங்க யாரு?" என்று பெரியப்பா மாடிப்படியில் மடக்கிக் கேட்பார்.

"நான்தான்யா. வேற யாரு?" என்று சொல்லிவிட்டு சிங்கம் இறங்கிப் போவார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயராது.

தியேட்டருக்குப் போய்ப் பார்த்தால் தீர்ந்தது என்று வாலு ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். பெரியப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பாதிச் சாப்பாட்டுல எழுப்பிவிட்ட வீட்டுக்கு மறுபடியும் போய் இலை முன்னால உட்காருவாங்களா?"

வாலு என்பது அவருடைய தம்பி மகள். பெரியப்பா தம்பி வீட்டு மாடி அறையில்தான் இருக்கிறார். வாலுவைப் பற்றி இந்தக் கதையில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நல்ல பெண். பள்ளிக்கூடத்துக்கும் அவளுக்கும் மட்டும் கொஞ்சம் ஆகாது. பெரியப்பாவின் மரண முனகலை ரகசியமாகப் பதிவுசெய்து வாசல் மணியில் பொருத்தியவள் அவள்தான் என்று ஒரு பேச்சு உண்டு. அம்மாவின் குரலில் பள்ளிக்கூடத்துக்கு போன் செய்து தனக்குத்தானே லீவு வாங்கியதாகவும் சொல்வார்கள். அது பிடிபட்டதிலிருந்து, லீவு வேண்டுமானால் அம்மா நேரில் வர வேண்டும் என்று தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார். அவ்வளவுதான் விஷயம். ஊர் வாய் பெரிதாக்கும்.

இப்போது அந்தத் தண்ணீர்த் தொட்டிப் படம்.

ஒரு நகரத்தின் தண்ணீர்த் தொட்டியில் விண்கல் ஒன்று விழுந்து கிடக்கிறது. அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரே கனவு வருகிறது. காலையில் எழுந்தால் எல்லோரும் ஒரே பக்கம் திரும்பி நிற்கிறார்கள். மேலிடம் மறைக்கிறது. பெரியப்பாவுடைய விஞ்ஞானி கண்டுபிடிக்கிறான், போன் செய்கிறான், தொட்டிக்கு அடியில் செத்துக் கிடக்கிறான். வழக்கம்போல ஒரே டேக்கில் செத்துக்கொடுத்தார் பெரியப்பா. இன்ஜினியருக்கே கண் கலங்கிவிட்டது. அவர் அதைத் தூசி என்றார்.

மறுநாள் ஒரு சின்ன இருமல் பாக்கி என்று கூப்பிட்டிருந்தார்கள். போனபோது உள்ளே மைக் முன்னால் சிங்கம் நின்று கடைசி ரீல் பேசிக்கொண்டிருந்தார். பெரியப்பா கண்ணாடிக்கு வெளியே, மேடம் இருந்த அறையில் ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்தார். கறுப்புத் திரையில் ஒரு வாய் ஆடிக்கொண்டிருந்தது. சுற்றிலும் நரைத்த தாடி. சிங்கம் அதன்மேல் கர்ஜித்துக்கொண்டிருந்தார். பெரியப்பா கொஞ்ச நேரம் பார்த்தார். எழுந்தார். கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் மூக்கு ஒட்டுகிற மாதிரி நின்றார்.

"மேடம், அது என் வாய்."

"என்ன சொல்றீங்க?"

"அங்க பேசுறது என் வாய் மேடம். நேத்து செத்தேனே, அதே ஆள்."

மேடம் சிரித்தார். "இவனுக்குத் தாடி இருக்கு. உங்க ஆளுக்கு இல்லையே?"

"தாடி வளராதா? கீழ்வரிசையில நடுப் பல்லு பக்கத்துப் பல் மேல சாஞ்சிருக்கு பாருங்க. அந்தப் பல்லோட நான் எத்தனை நாள் குடும்பம் நடத்தியிருக்கேன்!"

இன்ஜினியர் வம்புக்காகவே நேற்றைய சாவை எடுத்துத் திரையில் நிறுத்தினார். ஒரு பக்கம் செத்த வாய். இன்னொரு பக்கம் தாடிக்குள் பேசும் வாய். அதே பல், அதே சாய்வு. கீழே பல் ஆஸ்பத்திரியில் ஏதோ ஓர் இயந்திரம் ரீங்கரித்துக்கொண்டிருந்தது.

"அப்ப இவன் சாகவே இல்லையா?" என்றார் சிங்கம் ஹெட்போனைக் கழற்றிக்கொண்டே.

"செத்த மாதிரி நடிச்சிருக்கான்" என்றார் மேடம் மெதுவாக. "எல்லாத்துக்கும் பின்னால இருக்கிறவனே இவன்தான். நமக்கு வந்த பேப்பர்ல 'முதியவர்'னு மட்டும் போட்டிருக்காங்க. ரகசியம் வெளிய போகக் கூடாதுன்னு நம்மகிட்டயே மறைச்சிட்டாங்க."

இப்படி ஒரு தப்பு வேறு எந்தத் தொழிலிலும் நடக்காது. ஒரே மனிதன் இரண்டு குரலில் பேசிவிட்டுப் போயிருக்கிறான், அதே வாயை வைத்துக்கொண்டு.

ஓர் ஆளுக்கு ஒரு குரல்தான் இருக்க முடியும். மேடம் யோசித்தார். சிங்கம் பெரிய பேச்சில் பாதியை முடித்துவிட்டார். விஞ்ஞானியின் வசனம் கொஞ்சம்தான். அதையும் சிங்கமே பேசிவிட்டால் வேலை சுலபம். அதைத்தான் வாய்விட்டும் சொன்னார்.

பெரியப்பா ஸ்டூலில் மறுபடி உட்கார்ந்தார். அவர் யாரிடமும் எதையும் கேட்கிற ரகம் இல்லை. செத்துவிட்டு எழுந்து போகிறவர். ஆனால் அன்றைக்குக் கேட்டார்.

"மேடம், ஒரே ஒரு தடவை. கடைசி வரைக்கும் பேசிப் பாக்கிறேனே."

மேடம் அவரையும் சிங்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி. நாளன்னைக்குக் காலையில ரெண்டு பேரும் வாங்க. போன் பேசுறது, சாவு, கடைசிப் பேச்சு, மூணையும் ரெண்டு பேரும் பேசுங்க. எது ஒட்டுதோ அது. ஆனா இன்டர்வெல், ஒண்ணு சொல்றேன். நேத்து செத்த மாதிரி சாகக் கூடாது. நேத்து நீங்க நிஜமாவே செத்துட்டீங்க. இவன் பொய்யாச் சாகிறான். முதல் தடவை பாக்கிறவங்க நம்பணும். ரெண்டாவது தடவை பாக்கிறப்ப, 'அடப்பாவி'ன்னு சொல்லணும்."

பெரியப்பா தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். மாடிப்படி இறங்கும்போதுதான் விஷயம் உறைத்தது. அவருக்கு உண்மையாகச் சாகத்தான் தெரியும்.

அன்று பிற்பகல் முழுக்க வீட்டில் சாவு. மாடி அறையில் செத்தார், நம்பிக்கை வரவில்லை. இறங்கி வந்து கூடத்தில் செத்தார். சமையலறை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். வாலுவின் அம்மா தரை துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் அவரிடம் நேரே பேச மாட்டாள், மகள் வழியாகத்தான் எல்லாச் சேதியும் போகும்.

"உங்க பெரியப்பாவை அந்தப் பக்கம் போய்ச் சாகச் சொல்லு. இங்க ஈரமா இருக்கு."

பெரியப்பா எழுந்து, தள்ளிப் போய், காய்ந்த தரையில் செத்தார். வாலு நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னாள்.

"இது நிஜச் சாவு பெரியப்பா. எனக்கே பாவமா இருக்கு."

"இது?"

"இதுவும் நிஜம்தான். வலி கொஞ்சம் கம்மி."

"இப்ப?"

"இப்ப நடிப்புன்னு தெருமுனை வரைக்கும் தெரியுது. இதைக் கேட்டா கதாநாயகி திரும்பிப் போயிடுவா."

இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்க வேண்டும். அது எங்கே என்று அவருக்குப் பிடிபடவில்லை. சாப்பிடும்போதும் கையைப் பாதியில் நிறுத்திவிட்டு, "ஹக்" என்று ஒரு சத்தம் கொடுத்துப் பார்த்தார். வாலுவின் அப்பா தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டுத் தன் பாட்டுக்குச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை வாலுவுக்குக் கணக்குப் பரீட்சை. ஆகவே வாலுவுக்கு வயிற்றுவலி.

போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். அம்மா பக்கத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எங்கடி வலிக்குது?"

"எல்லா இடத்துலயும்மா."

"எல்லா இடத்துலயும் வலிக்கிறதுக்குப் பேரு வயித்துவலியா?"

"அங்க ஆரம்பிச்சு பரவிடுச்சும்மா... ம்ம்ம்... அம்மா..."

பெரியப்பா காபி டம்ளரோடு அந்த வழியாகப் போனவர், வாசலில் நின்றார். பார்ப்பதற்காக நிற்கவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, காதை மட்டும் அறைக்குள் அனுப்பினார். தொழில் புத்தி.

முனகல் நன்றாகத்தான் இருந்தது. சரியான இடத்தில் தேய்ந்தது, சரியான இடத்தில் உடைந்தது. பிறகு ஒரு நிசப்தம். அந்த நிசப்தத்தில்தான் பெரியப்பாவின் காது போய் நின்றது. நிஜமாக வலிக்கிறவர்கள் முனகி முடித்ததும் காற்று முழுக்க வெளியே போய்விடும், வெறும் பையாகக் கிடப்பார்கள். இங்கே அப்படி இல்லை. உள்ளே கொஞ்சம் மூச்சு மிச்சம் இருந்தது. அதைப் பிடித்து வைத்துக்கொண்டு போர்வைக்குள் யாரோ கவனித்துக்கொண்டிருந்தார்கள், அம்மா என்ன சொல்லப் போகிறாள் என்று.

"சரி, தொலை. இன்னிக்குப் போக வேண்டாம்" என்றாள் அம்மா.

போர்வைக்குள்ளிருந்து அந்த மிச்ச மூச்சு, உஸ்ஸ் என்று, ஒரு நூல் மாதிரி வெளியே வந்தது.

பெரியப்பாவின் காபி தளும்பி விரலில் பட்டது. சுட்டதே அவருக்குத் தெரியவில்லை.

அம்மா வெளியே வந்தாள். யாரைப் பார்த்தும் இல்லாமல், சுவரைப் பார்த்து, "இவ நடிக்கிறாளா என்னன்னு தெரியல. சாவுல பழுத்தவங்க சொன்னா நம்பலாம்" என்றாள்.

"பாவம்மா, விடு. நிஜ வலிதான்" என்றார் பெரியப்பா. போர்வைக்குள் ஒருத்தி இதைக் கேட்டுப் பூரித்துப் போனாள். உலகத்திலேயே அதிக தடவை செத்தவரையே ஏமாற்றிவிட்டதாக அவளுக்கு ஓர் எண்ணம்.

மத்தியானம் வயிற்றுவலி சரியாகிவிட்டது. கணக்குப் பரீட்சை முடிந்ததும் அது தானாகச் சரியாகிற வியாதி. வாலு மாடி ஏறிப் போனபோது பெரியப்பா கட்டிலில் கிடந்து செத்துக்கொண்டிருந்தார். வாலு வாசல்படியில் நின்று கேட்டாள். அவளுக்கு முதுகில் என்னவோ ஊர்ந்தது.

"பெரியப்பா, இது என்னமோ மாதிரி இருக்கு. நம்பலாமா வேண்டாமான்னு இருக்கு."

பெரியப்பா எழுந்து உட்கார்ந்து அவளுக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார். எதற்கு என்று சொல்லவில்லை. அப்போதுதான், பேச்சு வாக்கில், அந்தக் கடைசிப் பேச்சைப் பற்றிச் சொன்னார்.

"நாலு பக்கம், வாலு. ஒரே மூச்சா ஒரு ஆள் நாலு பக்கம் பேசுறான். நான் இதுவரைக்கும் அரைப் பக்கம் தாண்டினதில்லை. அதுக்குள்ள ஆளை முடிச்சிடுவாங்க. ஒரு தடவை கடைசி வரைக்கும் உசுரோட இருந்து பாக்கணும்னு ஒரு ஆசை. வேற ஒண்ணும் இல்லை."

"கிடைக்குமா?"

"சிங்கம் வந்து நின்னா எனக்கு எங்க கிடைக்கும்? அவன் குரல் அப்படி. போகட்டும், அவன் பேசினாலும் நல்லாத்தான் இருக்கும்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வாலு மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினாள்.

"ஸ்டூடியோ போன் நம்பர் கீழ போன் பக்கத்துல எழுதியிருக்கே, அதானே பெரியப்பா?"

"ஆமா. எதுக்கு?"

"சும்மா. நீங்க மதியம் வர லேட்டானா கேக்கலாமேன்னு."

மறுநாள் காலை பெரியப்பா துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்துவிட்டுப் போனார். ஸ்டூடியோவில் மேடம் கடுகடு என்றிருந்தார்.

"நீங்களே பேசிடுங்க இன்டர்வெல். சிங்கம் வரலை. இப்பதான் யாரோ ஒரு அம்மா போன் பண்ணினாங்க, சிங்கத்தோட வீட்டுக்காரங்களாம். அவருக்குத் தொண்டை கட்டிக்கிச்சாம். ஒரு வாரத்துக்கு வாயையே திறக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம்."

பெரியப்பா மைக் பக்கம் இரண்டு அடி வைத்தவர் நின்றுவிட்டார். சிங்கத்துக்கு வீட்டுக்காரி யாரும் கிடையாது. சிங்கத்தோடு பல வருஷம் மாடிப்படியில் பேசியவருக்கு அது தெரியும். மேடம் இந்த ஸ்டூடியோவுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

"அந்த அம்மா எப்படிப் பேசினாங்க மேடம்?"

"நல்ல மரியாதையாத்தான் பேசினாங்க. ரொம்ப வருத்தப்பட்டாங்க, பாவம். சொல்லி முடிச்சிட்டு கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, லைன் கட்டாயிடுச்சோன்னு நினைச்சேன். நான் 'சரிம்மா, ரெஸ்ட் எடுக்கட்டும்'னு சொன்னதும் உஸ்ஸ்னு ஒரு பெருமூச்சு. புருஷன் மேல அவ்வளவு அக்கறை."

பெரியப்பா மைக்கைப் பார்த்தார். பக்கத்தில் நாலு பக்கம் தயாராக இருந்தது. இன்ஜினியர் விரலைப் பொத்தானில் வைத்துக் காத்திருந்தார். இப்போது பேசாமல் இருந்தால் போதும். வசனத்துக்காக மட்டும் வாயைத் திறந்தால், அந்த நாலு பக்கமும் அவருடையது. இத்தனை வருஷமாக ஒவ்வொரு படத்திலும் யாரோ சிலர் மறைவாக ஒரு போன் போட்டு, மறைவாக ஓர் ஆளை நகர்த்தி, காரியத்தை முடித்துக்கொண்டிருந்தார்கள். நகர்த்தப்பட்ட ஆள் எப்போதும் பெரியப்பாதான். இன்றைக்கு முதல் தடவையாக அவர் அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

"மேடம், சிங்கத்துக்கு ஒரு போன் போட்டுப் பாருங்க."

"அவருக்குத்தான் பேச முடியாதாமே?"

"எடுத்தா உறுமலாவது கேக்கும். போடுங்க."

சிங்கம் அரை மணி நேரத்தில் ஈரத் தலையோடு வந்து சேர்ந்தார். கதவைத் திறந்ததுமே சத்தம்.

"எனக்குக் கல்யாணம் ஆனதை எனக்கே சொல்லாம விட்டுட்டீங்களேய்யா! பொண்ணு எப்படி? குணமா இருக்கா?"

"குரல் நல்லா இருந்துச்சு" என்றார் மேடம் முகம் சிவந்து. யார் செய்த வேலை என்று ஆளுக்கு ஆள் கேட்டுக்கொண்டார்கள். பெரியப்பா மட்டும் தன் பக்கங்களைத் திருப்பித் திருப்பி அடுக்கிக்கொண்டிருந்தார்.

முதலில் சிங்கம். கடைசிப் பேச்சில் தூள் கிளப்பினார். பிறகு போன் வசனம். "தயவுசெஞ்சு என்னை நம்புங்க, நேர்ல வாங்க" என்றார். கேட்டால், நேரில் போகிறவளை அங்கேயே வைத்து விழுங்கிவிடுவார் போலிருந்தது. எத்தனை தடவை பேசினாலும் அவருடைய பயம் மிரட்டலாகத்தான் வந்தது. சாவைச் சொல்லவே வேண்டாம், மூன்று மாடிக் கட்டடம் இடிந்த மாதிரி விழுந்தார். கீழே பல் ஆஸ்பத்திரியில் யாரோ கத்தினார்கள்.

பிறகு பெரியப்பா. போன் வசனம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. சாவு வந்தது. கறுப்புத் திரையில் அந்தச் சாய்ந்த பல் தெரிந்தது. "அவங்க... அவங்க..." என்றார். குரல் தேய்ந்தது, உடைந்தது, நின்றது. நின்ற இடத்தில் மூச்சை விடவில்லை. கொஞ்சம் மிச்சம் வைத்தார். போர்வைக்குள் படுத்துக்கொண்டு, அம்மா என்ன சொல்லப் போகிறாள் என்று கவனித்தார். கதாநாயகியின் காலடி விலகிப் போனது. அப்போது, நூல் மாதிரி, உஸ்ஸ்.

மேடம் விரலைச் சுழற்றினார். இன்ஜினியர் மறுபடி ஓட்டினார். இரண்டாவது தடவை கேட்டு முடித்ததும் மேடம் தன் மைக் பொத்தானை அழுத்தி ஒரே வார்த்தை சொன்னார்.

"அடப்பாவி."

கடைசிப் பேச்சு அவ்வளவு சுலபமாக வரவில்லை. இரண்டாம் பக்கத்தில் பெரியப்பாவுக்கு மூச்சு வாங்கியது. அரைப் பக்கத்தில் செத்துப் பழகிய உடம்பு, அங்கேயே சாய்ந்துகொள்ளப் பார்த்தது. தடுமாறி நின்றார். மறுபடி ஆரம்பித்தார், மறுபடி நின்றார். அப்போது சிங்கம் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து நின்று, தன் வயிற்றில் கை வைத்துக் காட்டினார்: இங்கிருந்து எடு, அவசரப்படாதே, கட்டிப்போட்டவள் எங்கே ஓடிவிடப் போகிறாள். பெரியப்பா அவரைப் பார்த்துக்கொண்டே பேசினார். மூன்றாம் பக்கம் தாண்டியது. நாலாம் பக்கம் முடிந்தது. முடிந்த பிறகும் பெரியப்பா உயிரோடு நின்றுகொண்டிருந்தார்.

"என்னய்யா இன்டர்வெல், இனிமே உன்னை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுறது?" என்றார் சிங்கம் முதுகில் ஒரு போடு போட்டு. பேச்சு பெரியப்பாவுக்கே என்று மேடம் சொல்லிவிட்டார்.

பெரியப்பா வீட்டுக்கு வரும்போது பள்ளிக்கூடம் விட்டிருந்தது. வாலு மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். கையில் பேனா. பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்களாம், உங்களுக்குத் தெரிந்த ஒரு சாதாரண மனிதரைப் பற்றி.

"உங்களைப் பத்தித்தான் எழுதப் போறேன். கிடைச்சிடுச்சா பெரியப்பா? கடைசிப் பேச்சு?"

"கிடைச்சிடுச்சு."

வாலு துள்ளி எழுந்தவள், உடனே ஒன்றும் இல்லாதது போல மறுபடி உட்கார்ந்தாள். "அவங்க யாருன்னு தெரிஞ்சுதா?"

"நான்தான். எல்லாத் தண்ணியும் என்கிட்டதான் இருக்கு. உலகத்தை ஆளணுமாம். அதுக்கு எதுக்கு இத்தனை வருஷம் ஒளிச்சு வச்சாங்கன்னுதான் புரியல." பெரியப்பா செருப்பைக் கழற்றிவிட்டு அவளுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தார். "எழுதிக்கோ. காலையில போனேன். முதல்ல சிங்கம் பேசினான்..."

பேனா நின்றது.

"சிங்கமா? அவருக்குத் தொண்டை கட்டியிருந்ததே, எப்படிப் பேசினாரு?"

பெரியப்பா அவள் வாயைப் பார்த்தார்.

"இல்ல, பொதுவாச் சொன்னேன்" என்றாள் வாலு. "இப்ப எல்லாருக்கும் தொண்டை கட்டுதுல்ல. காத்து சரியில்லை."

பெரியப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். படியில் சத்தமே இல்லை. சமையலறையில் பாத்திரம் ஒன்று உருண்டு நின்றது. அதற்குப் பிறகும் படியில் சத்தமே இல்லை.

"மூச்சை விடு, வாலு" என்றார். "வயித்துவலி வந்த அன்னிக்குப் பிடிச்சு வச்சது."